வாசகர் கேள்வி–பதில்: ஒவ்வாமைக் காலத்தில் வீட்டுக் காற்று

மகரந்தம் பறக்கும் மாதங்கள் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடுகிறது. தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரவில் இளைப்பு என்று தொடங்கும் கடிதங்கள் பலவும் ‘எந்த இயந்திரம் வாங்கலாம்?’ என்ற கேள்வியில் வந்து நிற்கின்றன. இயந்திரத்துக்கு உரிய இடம் உண்டு. ஆனால், அது முதல் இடம் அன்று என்பதால், அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, அதற்கு அடிப்படையான வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: கதவையும் சன்னல்களையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும், வெளியே நடமாடும்போது இருப்பதைவிட வீட்டுக்குள் வந்த பிறகே எனக்குத் தும்மல் அதிகமாகிறது. அடைத்த வீட்டுக்குள் மகரந்தம் எப்படி வருகிறது?

பதில்: பெரும்பாலும் நீங்களே அதைச் சுமந்துகொண்டு வருகிறீர்கள். தலைமுடி, சட்டையின் தோள்பட்டை, காலணி, வெளியே உலாவிவிட்டு வரும் நாய் ஆகியவை மகரந்தத்துக்கு நல்ல வாகனங்கள். மகரந்தத் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை அளவுள்ளவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). புல் வகைகளின் மகரந்தம் ஏறக்குறைய 20 முதல் 40 மைக்ரான் இருக்கும். இவ்வளவு பருமனான துகள், அசைவற்ற காற்றில் நெடுநேரம் மிதப்பதில்லை. 20 மைக்ரான் துகள் ஒன்று நின்றிருக்கும் மனிதரின் மூக்கு உயரத்திலிருந்து தரையைத் தொடச் சில நிமிடங்களே ஆகும். எனவே, உள்ளே வந்த மகரந்தம் காற்றில் இருப்பதைவிட மிகுதியாகச் சோபாவிலும் தரையிலும் தலையணையிலுமே கிடக்கிறது. நீங்கள் உட்காரும்போதும், போர்வையை உதறும்போதும், துடைப்பத்தை எடுக்கும்போதும் அது எழும்பி மூக்கை எட்டிவிட்டு மீண்டும் படிகிறது.

மகரந்தமே இந்தத் தொல்லைக்குக் காரணம் என்பதை முறையாக நிறுவியவர் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்னும் மருத்துவர். அவருக்கே இந்த ஒவ்வாமை இருந்தது. பசைத்தன்மையுள்ள பூச்சு தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டங்களில் கட்டி வானில் ஏற்றி, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டறிந்து, தம் ஆய்வுகளை 1873-இல் நூலாக வெளியிட்டார். வெளிக்காற்றைப் பொறுத்தவரை நாம் செய்யக்கூடியது குறைவுதான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது எனலாம்.

உங்கள் கேள்வியில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. மகரந்தத்தால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கு, மற்ற மாதங்களில் பொறுத்துக்கொண்ட வீட்டுத் தூசியையும் இப்போது பொறுப்பதில்லை. அழற்சி ஏறிய சவ்வு மிகக் குறைந்த அளவு தூண்டலுக்கே எதிர்வினை காட்டும். அதனால் ‘இத்தனை நாள் இதே மெத்தையில்தானே படுத்தேன்’ என்ற வாதம் இந்த மாதங்களில் செல்லாது. எப்போது தும்மல் வருகிறது என்று சில நாட்கள் கவனித்துப் பாருங்கள். விழித்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மினால் படுக்கையைச் சந்தேகிக்கலாம். வீடு கூட்டும்போது என்றால் தரையிலும் விரிப்பிலும் படிந்த தூசியை. குளியலறையிலோ குறிப்பிட்ட அலமாரியைத் திறக்கும்போதோ என்றால் பூஞ்சையை. இந்த ஊகத்தைத் தோல் பரிசோதனையாலோ இரத்தப் பரிசோதனையாலோ மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வது நல்லது. எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்று தெரியாமல் வீட்டை மாற்றியமைப்பதில் உழைப்புதான் வீணாகும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளியே சென்று வந்தவுடன் உடையை மாற்றி, கழற்றியதைப் படுக்கையறைக்கு வெளியிலேயே போட்டுவிடுங்கள். காலணி வாசலோடு நிற்கட்டும். தலைக்குக் குளிப்பதைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றினால், நாள் முழுவதும் முடியில் சேர்ந்தது தலையணைக்குப் போகாது. செலவில்லாத இந்த மாற்றம் பலருக்கு ஒரு வாரத்துக்குள் வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

கேள்வி: ஏர் பியூரிஃபையர் வாங்க எண்ணுகிறோம். விளம்பரங்களில் ஹெப்பா, அயனி, புற ஊதா, கார்பன் என்று பல சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, ஆனால், அது எதற்கு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். மேலே சொன்னதுபோலப் பெரிய துகள்கள் விரைவில் படிந்துவிடும். படிந்ததை இயந்திரம் இழுக்காது. காற்றில் மணிக்கணக்கில் நிற்கும் நுண்துகள்களைப் பிடிப்பதிலேயே அதன் வலிமை இருக்கிறது: பூனை ஒவ்வாமைப் பொருளின் ஒரு பகுதி, சில பூஞ்சை வித்துகள், சிதைந்த மகரந்தத்தின் சிறு துணுக்குகள், புகை. 1 மைக்ரான் அளவுள்ள துகள் அசைவற்ற காற்றில் ஓர் ஆள் உயரம் இறங்க அரை நாள்கூட ஆகலாம் என்பதால், அவ்வளவு நேரம் அதைத் தேடிப் பிடிக்க இயந்திரத்துக்கு வாய்ப்பு இருக்கிறது.

ஹெப்பா என்ற சொல் காற்று வடிகட்டியின் ஒரு தர அளவைக் குறிக்கும். அமெரிக்க வரையறைப்படி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டை அது பிடிக்க வேண்டும். ‘அதைவிடச் சிறிய துகள் தப்பிவிடுமே’ என்று வாசகர்கள் கேட்பதுண்டு. உண்மையில் 0.3 மைக்ரானை ஒட்டிய அளவுதான் பிடிக்கக் கடினமானது. அதைவிடப் பெரியவை தம் வேகத்தில் நேராகச் சென்று இழைகளில் மோதிக்கொள்ளும். அதைவிட மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாறுமாறாக அலைந்து எப்படியும் ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். கடினமான அளவைக் கொண்டே தேர்வு வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். பெட்டியின்மேல் ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்றது’ என்று எழுதியிருந்தால் அது இந்தத் தேர்வில் வென்றதாகப் பொருளில்லை.

வடிகட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் வழியே போதுமான காற்று செல்லாவிட்டால் பயனில்லை. அதற்கான அளவுதான் சி.ஏ.டி.ஆர். எனப்படும் தூய காற்று வழங்கும் வீதம். கணக்கு எளிது. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். கிடைத்த எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள படுக்கையறை என்றால் 32.4 கன மீட்டர். அறைக் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்பட வேண்டுமானால் மணிக்கு 162 கன மீட்டர் வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று எழுதியிருந்தால், இந்த எண்ணை 1.7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 95 வரும். இங்கே கவனிக்க வேண்டியது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கு உரியது என்பது. உச்ச வேகத்தில் அதன் இரைச்சலோடு யாரும் உறங்குவதில்லை. இரவில் மெதுவான வேகத்துக்குக் குறைத்துவிடுவீர்கள். அப்போது கிடைப்பது அச்சிட்ட எண்ணில் ஒரு பகுதிதான். ஆகவே, கணக்கில் வரும் எண்ணைவிடத் தாராளமான திறனுள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓடவிடுவதே என் பரிந்துரை.

அயனிகளை வெளியிடும் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்க வழியுண்டா என்று பாருங்கள். அவற்றுள் சில ஓசோனை உண்டாக்கும். ‘ஓசோனால் காற்றைத் தூய்மையாக்குகிறோம்’ என்று வெளிப்படையாகவே சொல்லி விற்கப்படும் கருவிகளைத் தொடவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு. ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களுக்கு அது நேரடித் தீங்கு. புற ஊதா விளக்கு மகரந்தத்தை ஒன்றும் செய்யாது. கார்பன் அடுக்கு வாசனைக்கும் சில வாயுக்களுக்கும் ஓரளவு உதவும், தும்மலுக்கு அன்று.

முகப்பில் எரியும் பச்சை விளக்கை நம்பி ஏமாறாதீர்கள். பெரும்பாலான வீட்டுக் கருவிகளின் உணர்வி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களைக் கணக்கிடுவதற்காக அமைந்தது. பருமனான மகரந்தத்தை அது சரிவரக் காண்பதில்லை. தலையணை முழுக்க மகரந்தம் கிடந்தாலும் விளக்கு பச்சையாகவே இருக்கும். அதுபோல, ‘தானியங்கி’ முறையில் விட்டால் நுண்துகள் குறைந்ததும் விசிறி தானே அடங்கிவிடும். ஒவ்வாமைக் காலத்தில் வேகத்தை நாமே அமைத்துத் தொடர்ந்து ஓடவிடுவது மேல்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். புதிய கருவிக்குள் இருக்கும் வடிகட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வருகிறது. பின்மூடியைத் திறந்து அந்த உறையைக் கழற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு ‘ஒன்றும் பயனில்லை’ என்று எழுதுபவர்கள் உண்டு. திறந்து பாருங்கள், வடிகட்டியின் விளிம்பிலுள்ள ரப்பர்ப் பட்டை சட்டத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். கருவியைச் சுவரோடு ஒட்டியோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது படுக்கையறைக்கே.

கேள்வி: சன்னலைத் திறந்தால் மகரந்தம், மூடினால் புழுக்கம். எந்த நேரத்தில் திறப்பது பாதுகாப்பானது? ஏ.சி. போட்டால் காற்று சுத்தமாகிவிடுமா?

பதில்: பெரும்பாலான செடிகளும் புற்களும் வறண்ட, காற்றடிக்கும் பகல் வேளையில் மகரந்தத்தை வெளியிடுகின்றன. எனவே, அத்தகைய நாட்களில் காலை முதல் பிற்பகல் வரை மூடியும், சீராக மழை பெய்து ஓய்ந்த பிறகு திறந்தும் வைப்பது பொதுவான நல்ல வழி. மரத்துக்கு மரம், புல்லுக்குப் புல் நேரம் வேறுபடும் என்பதால், உங்கள் பகுதிக்கான மகரந்த முன்னறிவிப்பு கிடைக்குமானால் அதையே பின்பற்றுங்கள்.

மழை நல்லது என்ற விதிக்கு இடி மழை விலக்கு. புயற்காற்றோடு வரும் இடி மழையின்போது ஈரத்தை உறிஞ்சிய மகரந்தத் துகள்கள் வெடித்து, மூக்கோடு நில்லாமல் நுரையீரல்வரை செல்லக்கூடிய நுண்துணுக்குகளாகச் சிதறுகின்றன. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இப்படி வந்த ஒரு மாலைப் புயலுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு விரைந்தனர். பத்துப் பேர் உயிரிழந்தனர். மருத்துவமனைகளுக்கு விரைந்தவர்களுள் பலர் அதுவரை ஆஸ்துமா இல்லாத, பருவகாலத் தும்மல் மட்டுமே இருந்தவர்கள். ஆகவே, மகரந்த மாதங்களில் இடி முழங்கத் தொடங்கினால், முதல் தூறலின் மண்வாசனையை ரசிக்காமல் சன்னலை அடைத்துவிட்டு உள்ளே இருங்கள்.

நாள் முழுவதும் மூடியே வைப்பதும் தவறு. மூடிய அறையில் நம் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும், சமையல் புகையும், புதிய மரச்சாமான்களும் வண்ணப்பூச்சும் வெளியிடும் ஆவிகளும் தேங்குகின்றன. வடிகட்டி இயந்திரம் கரியமில வாயுவைக் குறைக்காது. மகரந்தம் தணிந்த வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களை ஒரு கால் மணி நேரம் திறந்து, பிறகு மூடுவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் கட்டாயம் போடுங்கள். ஆனால், மறந்துபோய் மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். அது எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறதோ அவ்வளவு காற்று கதவிடுக்குகள் வழியே வடிகட்டப்படாமல் உள்ளே நுழையும்.

ஏ.சி.யைப் பொறுத்தவரை, சுவரில் மாட்டும் ஸ்பிளிட் வகை பொதுவாக வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. அறைக் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. சன்னலை மூடி வைக்க முடிகிறது, ஈரப்பதம் குறைகிறது என்ற இரண்டு வகையில் அது உதவும். அதிலுள்ள வலைபோன்ற வடிகட்டி பஞ்சுத் தூசியைத் தடுக்கவே அமைந்தது. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். போட்ட முதல் சில நிமிடங்களில் ஈர நாற்றம் வீசினால், உள்ளே நீர் வடியும் தட்டிலும் குளிர்ச் சுருளிலும் பூஞ்சை படிந்திருக்கலாம். அதைச் சர்வீஸ் செய்யாமல் ஓட்டுவது பூஞ்சை வித்துகளை அறை முழுவதும் தூவுவதாகும்.

கேள்வி: என் மகனுக்குத் தூசு உண்ணி ஒவ்வாமை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. மெத்தைக்கு உறை வாங்கிப் போட்டோம். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உறை போலியானதா?

பதில்: உறை போலியானதாக இருக்க வேண்டியதில்லை. தனியாக விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுத் தூசியிலுள்ள ஒவ்வாமைப் பொருளின் மூலம், ‘டஸ்ட் மைட்’ என்னும் எட்டுக்கால் உண்ணியே என்பதை 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராத இந்த உயிரி கடிப்பதில்லை, நோயைப் பரப்புவதில்லை; நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. தொல்லை தருவது அதன் எச்சத்திலுள்ள புரதம். எச்ச உருண்டை ஒவ்வொன்றும் மகரந்தத்தை ஒத்த அளவில் இருப்பதால் காற்றில் நில்லாமல் படிந்துவிடும். அதனால்தான் தூசு உண்ணி ஒவ்வாமைக்கு ஏர் பியூரிஃபையர் தரும் பலன் குறைவு. முகத்தைத் தலையணையில் புதைத்து எட்டு மணி நேரம் உறங்கும் குழந்தைக்கு, அறையின் மூலையில் சுழலும் இயந்திரம் என்ன செய்துவிட முடியும்?

2003-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், ஆஸ்துமா உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்ணி புகாத உறைகளும் மற்றவர்களுக்குச் சாதாரண உறைகளும் தரப்பட்டன. இரு சாராருக்கும் நோயளவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 2004-இல் அமெரிக்க நகரங்களில் 937 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், உறையோடு நல்ல வடிகட்டியுள்ள வாக்குவம் கிளீனர், கரப்பான் ஒழிப்பு, புகையிலைப் புகையைத் தவிர்த்தல் என்று அந்தந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாதோ அதற்கேற்பப் பலவற்றையும் சேர்த்துச் செய்தபோது, இளைப்பு இருந்த நாட்கள் தெளிவாகக் குறைந்தன. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எனவே, மகனின் படுக்கையைப் பின்வருமாறு முழுமையாக்குங்கள். மெத்தைக்கு மட்டுமின்றித் தலையணைக்கும் ஜிப் வைத்து முற்றிலும் மூடும் உறை வேண்டும். துணியின் நெசவுத் துளை 10 மைக்ரானுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதன்மேல் விரிக்கும் விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். வாஷிங் மெஷினில் அந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். தண்ணீரில் எச்சப் புரதம் கரைந்து போய்விடும். தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் உண்ணிகள் மட்டும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சூடான டிரையரில் உலர்த்தினால் அவையும் மடியும். மற்ற மாதங்களில் நல்ல வெயிலில் உலர்த்துவதையே சொல்லியிருப்பேன். மகரந்த மாதங்களில் வெளிக்கொடியில் காயும் ஈர விரிப்பு மகரந்தத்தை ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால், அப்போது மட்டும் உள்ளேயே, காற்றோட்டமும் விசிறியும் உள்ள இடத்தில் உலர்த்துங்கள்.

துவைக்க முடியாத பஞ்சு பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுவதும் ஃப்ரீசரில் வைத்தால் உண்ணிகள் செத்துவிடும். செத்த உண்ணியும் எச்சமும் பொம்மையிலேயே இருக்கும் என்பதால், பிறகு அதை நன்றாகத் தட்டி உதற வேண்டும். அதை வீட்டுக்கு வெளியே, மகன் இல்லாத இடத்தில் செய்யுங்கள். படுக்கையில் ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் அனுமதி என்று பேசி முடித்துக்கொள்வது அதைவிட எளிது. விழித்தவுடன் படுக்கையை மடித்து மூடி வைக்காமல், போர்வையை விலக்கிச் சிறிது நேரம் உலரவிடுங்கள். உண்ணிகள் நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கின்றன. ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவை காய்ந்து மடியும்.

கேள்வி: தினமும் இருமுறை வீட்டைக் கூட்டுகிறேன். கூட்டியதும் இருமல் வருகிறது. எத்தனை முறை சுத்தம் செய்ய வேண்டும்?

பதில்: முறையின் எண்ணிக்கையைக் குறைத்து, விதத்தை மாற்றுங்கள். உலர்ந்த துடைப்பம் தூசியை அகற்றுவதைவிட எழுப்புவதே அதிகம். ஈரத் துணியால் மேலிருந்து கீழாக, அதாவது முதலில் விசிறி இறக்கை, அலமாரியின் மேற்பரப்பு, சன்னல் விளிம்பு, பிறகு மேசை, கடைசியில் தரை என்ற வரிசையில் துடையுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வெளியேறும் காற்றுக்கும் ஹெப்பா வடிகட்டி உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும். ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையைச் செய்யாதிருப்பதே நல்லது. வேறு வழியில்லை என்றால் என்95 முகக்கவசம் அணிந்து செய்துவிட்டு, அரை மணி நேரம் அந்த அறையைவிட்டு வெளியே இருங்கள். சுவரோடு சுவராக ஒட்டிய தரைக் கம்பளம் இருக்கும் வீட்டில் இவை எல்லாம் பாதிப் பலனே தரும்; அதை அகற்ற முடியுமானால் குறைந்தது படுக்கையறையிலாவது அகற்றிவிடுங்கள்.

கேள்வி: மூக்கு வறண்டு எரிகிறது என்று, காற்றில் ஈரத்தைக் கூட்டும் ஹியூமிடிஃபையர் வாங்கினோம். அதை வைத்த பிறகு மகளுக்கு இருமல் கூடியதுபோல் தோன்றுகிறது. இது சாத்தியமா?

பதில்: சாத்தியமே. வீட்டுக்குள் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு வரை இருப்பது நல்லது; 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கும் தூசு உண்ணிக்கும் கொண்டாட்டம். அளக்காமல் ஹியூமிடிஃபையர் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் போன்றது. மேலும், மீயொலியால் இயங்கும் கருவிகள் தண்ணீரிலுள்ள தாதுக்களையும் சேர்த்தே தூவுகின்றன; மேசைமேல் படியும் வெண்பொடி அதுதான். அந்த நுண்துகளை உங்கள் மகள் சுவாசிக்கிறாள். அவசியம் பயன்படுத்த வேண்டுமானால் வாலை வடித்த நீரை (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி, தொட்டியைத் தினமும் காலிசெய்து துடைத்து உலர்த்துங்கள்.

முதலில் ஒரு சிறிய ஈரப்பதமானி, அதாவது ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். மலிவான கருவிகள் தவறாகக் காட்டுவதுண்டு. அதைச் சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் ஈரமணல்போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஈர உப்பைச் சுற்றியுள்ள அடைபட்ட காற்று 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். காலையில் கருவி 70 காட்டினால், அது எப்போதும் ஐந்து குறைவாகச் சொல்கிறது என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அளந்து பார்த்தபின் ஈரப்பதம் 40-க்கு மேல் இருந்தால், மூக்கு எரிவதற்குக் காரணம் வறட்சியாக இருக்கும் வாய்ப்பு குறைவு, ஒவ்வாமையாக இருக்கலாம்.

கேள்வி: காற்றைத் தூய்மையாக்கும் செடிகள் என்று சிலவற்றை வீட்டுக்குள் வளர்க்கச் சொல்கிறார்களே?

பதில்: அழகுக்கு வளருங்கள். 1989-இல் நாசா நடத்திய ஆய்விலிருந்து பரவிய நம்பிக்கை இது. அந்தச் சோதனைகள் காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் சில வேதி ஆவிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. அத்தகைய சோதனைகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, வீட்டில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று கணக்கிட்டது. மகரந்தத்தையும் தூசியையும் பற்றி அந்தச் சோதனைகள் பேசவே இல்லை. தொட்டி மண் எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் பூஞ்சைதான் மிச்சம்.

கேள்வி: சன்னல்களை மூடி வைப்பதால் வீட்டில் ஒரு வாடை. ரூம் ஃபிரெஷ்னர் அடிக்கலாமா? வாசனை மெழுகுவத்தி ஏற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எலுமிச்சை, பைன் மணம் தரும் பொருள்கள் காற்றிலுள்ள சிறிதளவு ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்குகின்றன. மெழுகுவத்தியும் ஊதுபத்தியும் எதை எரித்தாலும் தரும் நுண்புகையையே தருகின்றன. வீங்கிய மூக்குக்கு நறுமணமும் உறுத்தலே. வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: குப்பைக்கூடை, ஈரத் துண்டு, கழிவுநீர்க் குழாயின் வாய், பூஞ்சை பிடித்த அலமாரி. மூலத்தை அகற்றிய பின்னும் வாடை நின்றால், மேலே சொன்ன கால் மணி நேரக் காற்றோட்டம் போதும்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. அதைப் பிரிய மனமில்லை. கணவருக்கோ பூனை ஒவ்வாமை. ரோமம் உதிராத இனமாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஒவ்வாமை தருவது ரோமம் அன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஒரு புரதமே காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது ரோமத்தில் படிந்து, உலர்ந்து, மிக நுண்ணிய செதில்களோடு பறக்கிறது. அச்செதில்களில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறியவை. அவை மணிக்கணக்கில் மிதக்கும், சுவரிலும் துணியிலும் ஒட்டும், பூனை இல்லாத வீடுகளுக்குக்கூட ஆடைகளோடு பயணம் செய்யும். ஒவ்வாமையே தராத இனம் என்று ஒன்று இல்லை.

ஏர் பியூரிஃபையருக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பூனையைப் படுக்கையறைக்குள் எந்த நாளும் விடாமல், அந்த அறையின் கதவை மூடி, உள்ளே ஹெப்பா கருவியை இடைவிடாமல் ஓடவிடுங்கள். பூனை படுக்கும் விரிப்பை வாரந்தோறும் துவையுங்கள். குளிப்பாட்டினால் பலன் உண்டு. ஆனால், சில நாட்களில் பழைய அளவு திரும்பிவிடும் என்பதால், பூனைக்கும் உங்களுக்கும் அந்தப் போராட்டம் தேவைதானா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். இத்தனைக்குப் பிறகும் கணவருக்கு இளைப்பு வருமானால், அன்பை ஒருபுறம் வைத்துவிட்டு மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும். பூனையை வேறிடம் அனுப்பினாலும் அந்தப் புரதம் வீட்டில் நான்கு, ஐந்து மாதங்கள் நீடிக்கும். ‘அனுப்பியும் குணமாகவில்லை’ என்று ஒரே வாரத்தில் முடிவுகட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. பிளீச் ஊற்றித் துடைத்தேன், மீண்டும் வந்துவிட்டது.

பதில்: பிளீச் கறையை வெளுக்கும், ஈரத்தைப் போக்காது. ஈரம் இருக்கும்வரை பூஞ்சை வரும். நீர்க் குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, அல்லது குளிர்ந்த சுவரில் அறைக்காற்றின் ஈரம் நீராகப் படிகிறதா என்று முதலில் கண்டறியுங்கள். அலமாரிக்குப் பின்னால் காற்றே போகாத இடத்தில் மூன்றாவது காரணம் மிகச் சாதாரணம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைப்பதே சில வீடுகளில் போதுமானதாகிறது.

பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டால் நீங்களே சுத்தம் செய்யலாம். முகக்கவசம், கையுறை அணிந்து, சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, விசிறி வைத்து முற்றிலும் உலர்த்துங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் பறக்கும். பிளீச்சோடு அம்மோனியா கலந்த எந்தத் துப்புரவுத் திரவத்தையும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு எழும். உலராமல் மேலே வண்ணம் பூசுவது மறைத்து வைப்பதுதான். ஊறிப்போன அட்டை, பஞ்சு, கம்பளம் ஆகியவற்றைக் காப்பாற்ற முயலாமல் அகற்றிவிடுங்கள். இனி எங்கேனும் தண்ணீர் சிந்தி ஊறினால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: இவை எல்லாவற்றையும் செய்தும் தும்மல் நிற்கவில்லை என்றால்?

பதில்: வீட்டுக் காற்றைத் திருத்துவது மருந்துக்கு மாற்று அன்று, மருந்தின் சுமையைக் குறைக்கும் துணை. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும் என்பதால், மகரந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே அதை ஆரம்பிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பருவம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு நாள் அடித்துவிட்டு ‘பயனில்லை’ என்று நிறுத்துவோர் அதிகம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்ல பழக்கம்; அதற்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாமல், கொதிக்க வைத்து ஆறிய நீரையோ வாலை வடித்த நீரையோதான் பயன்படுத்த வேண்டும்.

மாத்திரைக்குக் கட்டுப்படாத ஒவ்வாமைக்கு, ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாக உடலுக்குப் பழக்கும் சிகிச்சை உண்டு. அது மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடிப்பது, ஆனால் சிலருக்கு நிலையான விடுதலை தருவது. தும்மலோடு நில்லாமல் இரவில் இருமி விழிப்பது, மூச்சில் விசில் ஒலி, மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம் என்று ஏதேனும் தோன்றினால், வடிகட்டியை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திராமல் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனடியாக அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.